பிராந்திப் பீப்பாயும் கருப்பாயியும்

சேதுபதி முடிவே செய்துவிட்டான். இனி பீப்பாய் உருட்டுவதில்லை. பீப்பாயில் இருப்பதைக் குடித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குவது!

ஆற்றங்கரை மதுக்கிடங்கில் அப்படி ஓர் உத்தியோகம் காலியாக இருந்தது. கிடங்குத் துரை ஒரு போட்டி வைத்தார். பிராந்தி தீர்ந்த ஓக் பீப்பாயில், கப்பலில் வந்த பீரை ஊற்றி ஆறு மாதம் அவரவர் வீட்டில் வைக்க வேண்டும். எவனுடைய பீர் கெடாமல் தேறுகிறதோ, அவனுக்கே ருசி பார்க்கும் வேலை.

அந்த வித்தையை நினைத்தாலே சேதுபதிக்குப் புல்லரிக்கும். பிராந்தி காலியானாலும் பலகை அதை மறப்பதில்லை. வெக்கையில் பீரை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்தால் பிராந்தி வாசனையோடு திருப்பித் தரும். வெறும் மரத்துக்கு எத்தனை விசுவாசம்!

ஆனால் வீட்டில் பூவம்மா இருந்தாள். மலாய் நாட்டுத் தேக்கா வட்டாரத்தில் எருமை வளர்த்துப் பால் விற்பவள். மது வாடை வந்தால் புருஷனையே வாசலோடு நிறுத்துபவள்.

“என்னங்க இது பீப்பா?”

“மாட்டு மருந்துடி. பட்டைக் கசாயம். ஆறு மாசம் ஊறணும், தொடாதே.”

“எந்த மாட்டுக்கு?”

“எருமைக்குத்தான்!”

“நல்லதாப் போச்சு. நம்ம கருப்பாயிக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல.”

அவளை ஏமாற்றிய பூரிப்பில் சேதுபதி அன்று ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டான். சந்தேகம் வரக்கூடாதென்று ஆறு மாதமும் பீப்பாய் வைத்திருந்த எருமைக் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

கெடு முடிந்த அன்று கொட்டகையில் பீப்பாயைக் காணோம். பதறி ஓடினான். எருமைக் குட்டையில், கருப்பாயி பக்கத்தில், ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு அது பாதி சேற்றில் கிடந்தது!

“அடிப்பாவி! என் உத்தியோகமே போச்சுடி!”

அந்த நேரம் பார்த்துத் துரை குதிரைவண்டியில் வந்து இறங்கினார். போட்டியில் இறங்கிய மற்ற நான்கு பேரின் பீரும் காடியாகிவிட்டதாம். சேதுபதி சேற்றைத் துடைத்துவிட்டு ஊற்றிக் கொடுத்தான். துரை கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவே இல்லை. சேதுபதியும் ஒரு வாய் வைத்துப் பார்த்தான். முதலில் கசப்பு, பின்னால் பிராந்தியின் சூடு, கடைசியில் லேசாக வெல்லம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இந்த வெக்கையில் எப்படி?” என்றார் துரை மலாயில்.

பால் விற்றுப் பழகிய மலாயில் பூவம்மா புகுந்து விளாசினாள்.

“இவரு மருந்துன்னாரு, தொரை. எருமைக்கு ஒரு செரட்டை வச்சேன். ஆசையாக் குடிச்சா. மருந்தை எந்த எருமை ஆசையாக் குடிக்கும்? அப்பவே குட்டு தெரிஞ்சுபோச்சு. கொட்டிடலாம்னுதான் இருந்தேன். இந்த மனுஷன் தூக்கத்துலயும் ‘என் பீப்பா, என் உத்தியோகம்’னு பொலம்புறாரு. மனசு கேக்கல. மாசம் ஒரு செரட்டை வச்சுப் பாத்தேன். ரெண்டாம் மாசம் யோசிச்சு யோசிச்சுக் குடிச்சா. வெக்கை பீப்பாவுக்கு ஆகலைன்னு சேத்துல எறக்கினேன். அடுத்த மாசம் செரட்டையையே கடிக்கப் பாத்தா!”

துரை தொப்பியைக் கழற்றினார். இனி கிடங்கின் பத்துப் பீப்பாய்களும் பூவம்மாவின் குட்டையில்தான் ஊறும் என்று சொல்லிவிட்டுப் போனார். சேதுபதிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“அப்ப ருசி பாக்குற வேலை எனக்குத்தானே, பூவம்மா?”

அவள் ஈரச் சாக்கை அவன் கையில் திணித்தாள்.

“அது கருப்பாயி வேலைங்க. நீங்க சாக்க நனைங்க.”