முன்னணைன்னா தலையணை இல்லையாம்!

போன டிசம்பர்ல கம்பெனியில எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. கிறிஸ்துமஸ் க்விஸ்ஸுக்கு இருபது கேள்வி எழுதணும், மைக்ல படிக்கணும். அவ்வளவுதான்.

இருபதே இருபது கேள்வியில ஒரு மனுஷன் மானம் கப்பலேறுமான்னு கேட்டா, ஏறும். இருபது கூட வேண்டாம், ஒண்ணு போதும்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு ஞானராஜ். ஊரு தூத்துக்குடி பக்கம். ஓசூர்ல வண்டிக்கு பிரேக் பார்ட்ஸ் செய்யுற ஒரு சின்ன யூனிட்ல குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது, அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்.

எங்க ஹெச்.ஆர். கவிதா மேடம் கூப்பிட்டு விட்டாங்க.

"ஞானராஜ், பிளான்ட் ஹெட் இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு க்விஸ் வைக்கச் சொல்லிட்டாரு. நம்ம யூனிட்லயே ஒரே கிறிஸ்டியன் நீங்கதான். அதனால நீங்கதான் க்விஸ் மாஸ்டர்!"

இதுல ஒரே ஒரு சிக்கல். நான் கிறிஸ்டியன் கிடையாது.

எங்கப்பா திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து பெத்த புள்ள நான். ஞானபண்டிதன்னுதான் பேரு வெச்சாரு. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார், "இவ்வளவு நீளமா எழுத கட்டத்துல எடம் இல்ல"ன்னு ஞானராஜ்னு முடிச்சுட்டாரு. அந்த வாத்தியார் செஞ்ச வேலைதான் இவ்வளவுக்கும்!

மூணு வருஷம் முன்னாடி நான் வேலைக்குச் சேந்தப்ப, கவிதா மேடம் என் ஃபார்மைப் பாத்தாங்க.

"ஊரு தூத்துக்குடியா?"

"ஆமா மேடம்."

"பேரு ஞானராஜா?"

"ஆமா மேடம்."

"அப்போ டிசம்பர் இருபத்தஞ்சு லீவு வேணும்ல?"

இந்தக் கேள்விக்கு வேணாம்னு பதில் சொல்ற தொழிலாளி இந்தியாவுல யாராவது இருக்கானா? "ஆமா மேடம்"னேன். நான் பொய்யே சொல்லலை. அவங்க கேட்ட மூணு கேள்விக்கும் உண்மையான பதில்தான் சொன்னேன்.

எங்க யூனிட்ல டிசம்பர் கடைசி வாரம் டிஸ்பேட்ச் தலைக்கு மேல போகும். அப்போ எவனுக்கும் லீவு கிடையாது. கிறிஸ்டியனுக்கு மட்டும் உண்டு. அதனால வருஷா வருஷம் அந்த லீவுல ஊருக்குப் போவேன், திருச்செந்தூர்ல முருகனைக் கும்பிடுவேன், வருவேன். மொத வருஷம் மொட்டையே போட்டுட்டு வந்துட்டேன். கவிதா மேடம் பதறிட்டாங்க. "பொடுகு மேடம்"னேன். அது பொய்தான். ஒத்துக்கறேன்.

இந்த வருஷம் அந்த லீவு கட்டாயம் வேணும். என் மச்சான், அதாவது என் பொண்டாட்டி மாரிச்செல்வியோட அண்ணன், மஸ்கட்லருந்து நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கான். இருபத்தாறாம் தேதி திரும்ப ஃப்ளைட்டு. குடும்பத்தோட எல்லாரும் ஒண்ணா இருக்கப்போற ஒரே நாள் இருபத்தஞ்சு. இருபத்துநாலாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு.

மாரிச்செல்வி தெளிவா சொல்லிட்டா. "ஏங்க, நாலு வருஷமா எங்கண்ணனை போன்லயே பாத்துட்டு இருக்கேன். லீவு கெடைக்கலன்னு மட்டும் வீட்டுக்குள்ள வந்துராதீங்க."

லீவு ஸ்லிப்பை மேடம் மேசையில வெச்சேன். "க்விஸ் முடியட்டும், அங்கேயே கையெழுத்து போட்டுத் தர்றேன்"னாங்க.

சரி, க்விஸ்தானே! தூத்துக்குடியில பக்கத்து வீட்டு கேக்கைத் தின்னே வளந்தவன் நான். கிறிஸ்துமஸ் பத்தி எனக்குத் தெரியாததா?

உக்காந்து யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சது கேக் மட்டும்தான்.

போன்ல தேடித் தேடி, எங்கெங்கேயோ இருந்து இருபது கேள்வியைப் பொறுக்கினேன். பக்கத்து மெஷின் முனிராஜ் கூட உக்காந்து பாத்தான். கெலமங்கலத்துக்காரன். வீட்டுல தெலுங்கு, கடையில கன்னடம், எங்கிட்ட தமிழ். என் ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆளு.

"அண்ணா, இதெல்லாம் உனுக்கே புரியுதா?"

"புரியணும்னு என்னடா அவசியம்? பதில் பக்கத்துலயே இருக்கு. படிச்சா போதும்."

கேள்வித்தாளை எங்க குவாலிட்டி மேனேஜர் சீனிவாசன் சார்கிட்ட காட்டணும். எங்க கம்பெனியில டாய்லெட் கழுவுற அட்டவணைக்குக் கூட டாக்குமென்ட் நம்பர் உண்டு. அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சாரு.

"'இயேசுவைப் பாக்க வந்த ஞானிகள் எத்தனை பேர்? மூணு பேர்.' இதுக்கு டாலரன்ஸ் என்ன?"

"சார்?"

"மூணுன்னா கரெக்டா மூணா? ப்ளஸ் ஆர் மைனஸ் ஒண்ணு உண்டா?"

"ஆளுங்க சார், நட்டு போல்ட்டு இல்ல."

"பைபிள்ல எண்ணிக்கையே போடலைன்னு எங்கேயோ படிச்சேன். ஸ்பெசிஃபிகேஷன் இல்லாம நீ எப்படி பாஸ் பண்ணுவே?" ஒரே அடி, அந்தக் கேள்வி ரிஜெக்ட்.

என் மதத்துக்காரர் அவரு, எனக்கு பைபிள் சொல்லித் தர்றாரு! அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை. பத்தொன்பது கேள்விக்கு 'கன்ட்ரோல்டு காப்பி'ன்னு சிவப்பு சீல் குத்தி வாங்கிட்டு வந்தேன்.

இருபத்துமூணாம் தேதி மத்தியானம், ஷிஃப்ட் மாறுற நேரம். கேன்டீன்ல மெஷின் ஷாப், அசெம்ப்ளி, ஸ்டோர்ஸ்னு மூணு டீம். முன் வரிசையில பெங்களூர்லருந்து தினம் வந்து போற பிளான்ட் ஹெட். அவரு பக்கத்துல கவிதா மேடம். மேடம் மடியில என் லீவு ஸ்லிப்பு. கையில பேனா.

"சுரு மாடி, சுரு மாடி!" ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு பிளான்ட் ஹெட்.

மொதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு.

"சான்டா கிளாஸ் வண்டியை இழுக்கிற மிருகம் எது?"

"மானு!" மெஷின் ஷாப் டீம்லருந்து முனிராஜ்.

"எந்த வகை மான்?"

"புள்ளிமானு!"

"தப்பு. பனிமான்."

"அண்ணா, எந்த மானா இருந்தா இன்னா? புடிச்சு வண்டியில கட்டுனா பாரஸ்ட்காரன் கேசு போட்டுருவான்!"

கேன்டீனே சிரிச்சுது. பிளான்ட் ஹெட்டும் சிரிச்சாரு. மேடம் பேனா மூடியைக் கழட்டிட்டாங்க. எனக்கு ரயில் சத்தமே கேட்டுருச்சு.

அடுத்த கேள்வி.

"பிறந்த இயேசு பாலகனை எதில் கிடத்தினார்கள்? தொட்டில், கட்டில், பாய், முன்னணை."

பதில் முன்னணைன்னு எங்கிட்ட எழுதியிருக்கு. சீல் எல்லாம் குத்தியிருக்கு. அசெம்ப்ளி ரத்தினம்மா எழுந்திரிச்சாங்க.

"சார், முன்னணைன்னா இன்னா சார்?"

அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு கேள்வி வரும்னு எனக்குத் தோணவே இல்ல. கேள்வி கேக்குறது நான்தானே!

"சொல்லுங்க ஞானராஜ்," கவிதா மேடம் பெருமையா சிரிச்சாங்க. "உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா கையில மைக் இருந்தா மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அது வந்தும்மா... தலைக்கு வெச்சா தலையணை. குழந்தை உருண்டு விழாம இருக்க முன்னாடி வெச்சா முன்னணை."

என்ன ஒரு விளக்கம்! எனக்கே நம்பிக்கை வந்துருச்சு. ரத்தினம்மாவும் தலையை ஆட்டிட்டு உக்காந்துட்டாங்க. அதோட போயிருக்கும். முனிராஜ் எனக்கு உதவி பண்றேன்னு எழுந்திரிச்சான்.

"இல்ல அண்ணா! அணைன்னா டேமு. கிருஷ்ணகிரி டேமு இருக்குல்ல, அந்த மாதிரி!"

"பொறந்த குழந்தையை எதுக்குடா டேம்ல போடுறாங்க?"

"தண்ணி இல்லாத டேமா இருக்கும்!"

"ஆர்டர், ஆர்டர்!" சீனிவாசன் சார் எழுந்துட்டாரு. "ஒரே வார்த்தைக்கு ரெண்டு டெஃபனிஷன் இருக்கு. இது நான்-கன்ஃபார்மன்ஸ்!" தர விதிக்கு ஒத்து வரலைன்னு அர்த்தம்.

அப்பத்தான் பின் வரிசையில ஸ்டோர்ஸ் டீம்லருந்து ஒரு கை மெல்ல எழுந்துச்சு. ராயப்பன். லோடிங் பாக்குறவரு. அஞ்செட்டி பக்கம் மலை ஊரு. மாசத்துக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம்.

"அது காடிங்க, சார்."

பிளான்ட் ஹெட்டுக்கு ஒண்ணும் புரியலை. "காடியா? ஆ காலதல்லி காடி எல்லித்து?" அந்தக் காலத்துல வண்டி ஏதுய்யான்னு கேக்குறாரு. கன்னடத்துல காடின்னா வண்டி.

"வண்டி இல்லீங்க சார். மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடுற தொட்டி. அதை எங்க ஊர்ல காடிம்போம். கோயில்ல தீவனத்தொட்டிம்பாங்க. முன்னணைன்னாலும் அதேதான். சத்திரத்துல எடம் இல்லாம, மாட்டுக் கொட்டாயில புள்ளையைப் பெத்து, காடியில வைக்கல் போட்டுப் படுக்க வெச்சாங்க. வீட்டுல குடில் கட்டுறப்ப நாங்களும் அப்படித்தானுங்க வெப்போம்."

கவிதா மேடம் திரும்பிப் பாத்தாங்க.

"நாங்களும்னா? ராயப்பன், நீங்க..."

"கிறிஸ்டியன்தானுங்க மேடம். பொறந்ததுலருந்து."

"ராயப்பனா? நான் முனியப்பன், மாதப்பன், திம்மப்பன் மாதிரின்னு நெனச்சேனே!"

"இல்லீங்க. ராயப்பர்னா பீட்டருங்க மேடம்."

மேடம் முகம் சுருங்கிப் போச்சு. "அப்போ கிறிஸ்துமஸ் லீவு ஏன் கேக்கலை?"

"மொத வருசமே ஆபீஸ்ல கேட்டேங்க. கிறிஸ்டியன் லிஸ்ட்ல உன் பேரு இல்ல, ஒரே பேருதான் இருக்கு, அது ஞானராஜ் சாருதுன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். டூட்டி முடிச்சுட்டுப் போலாம்னா எங்க ஊருக்கு பஸ்ஸு கெடைக்காதுங்க. மூணு வருசமா புள்ளைங்களே குடில் கட்டிக்கிறாங்க."

கோபமா சொல்லலை. புகாரா கூட சொல்லலை. கேட்டதுக்குப் பதில் சொன்னாரு, அவ்வளவுதான். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு. மூணு வருஷமா நான் முருகனைக் கும்பிட்டுட்டு வந்தது அந்த ஆளோட பண்டிகை லீவுல!

எல்லா தலையும் எம் பக்கம் திரும்புச்சு. அப்போ நீங்கன்னு பிளான்ட் ஹெட் மெதுவா கேட்டாரு. "ஞானராஜ், நீவு?"

மைக் வாய்கிட்டயே இருந்துச்சு.

"திருச்செந்தூர் முருகன், சார்."

ஸ்பீக்கர் கூட 'கீ'ன்னு கத்துச்சு.

"அப்போ அந்தப் பொடுகு?" கவிதா மேடம்.

"அதுவும் முருகன்தான், மேடம்."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை. திட்டியிருந்தா கூட தேவலை. லீவு ஸ்லிப்பை எடுத்து, என் பேரு மேல கிறுக்கி, ராயப்பன்னு எழுதப் போனாங்க. சீனிவாசன் சார் பாய்ஞ்சு வந்து கையைப் புடிச்சாரு.

"ஓவர்ரைட்டிங் கூடாது மேடம்! ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல இனிஷியல் போடணும்!"

என் லீவு முறைப்படி செத்துச்சு.

வெளிய வரும்போது ராயப்பன் எம் பின்னாடியே ஓடி வந்தாரு. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஏதாச்சும் அவசரம்னா நான் போகலைங்க."

என்னத்தைச் சொல்ல! "ராயப்பன், தயவுசெஞ்சு போங்க. நாளைக்கு மத்தியானமே கெளம்புங்க, உங்க லோடிங்கை நான் பாத்துக்கறேன்"னேன். அன்னைக்கு நான் பேசினதுலயே உருப்படியான வாக்கியம் அதுதான்.

அடுத்து வீடு. மாரிச்செல்விகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டுட்டு இடுப்புல கை வெச்சா.

"மூணு வருஷமா உங்க மேடம் ரொம்ப நல்லவங்க, அதான் உங்களுக்கு மட்டும் லீவு தர்றாங்கன்னு நெனச்சு, தீபாவளிக்கு அதிரசம் குடுத்து விட்டேனேய்யா!"

"அவங்க நல்லவங்கதான்..."

"நீங்க பேசாதீங்க."

மறுநாள் எங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவ மட்டும் ரயில் ஏறினா. ஜன்னல் வழியா எனக்கு டாட்டா காட்டினது பொண்ணு மட்டும்தான்.

இருபத்தஞ்சு காலையில நான் டூட்டிக்குப் போறேன். எங்க செக்யூரிட்டிக்கு க்விஸ் கதை தெரியாது. கேட்ல நிறுத்தி, "ஹேப்பி கிறிஸ்துமஸ் சார்! நல்ல நாளும் அதுவுமா உங்களையே வரச் சொல்லிட்டாங்களே, இவங்க நல்லா இருப்பாங்களா?"ன்னு ஒரு கேக் துண்டை கையில வெச்சாரு. வேணாம்னு சொல்ல தெம்பு இல்லை. தின்னுட்டு, ராயப்பன் பாக்கவேண்டிய பெட்டிங்களை தூக்கப் போயிட்டேன். இருபது கிலோ பெட்டி. இடுப்பு ரெண்டாயிருச்சு.

மத்தியானம் டீ நேரத்துல மாரிச்செல்வி போன். பின்னாடி ஒரே கூச்சல், சிரிப்பு. கோபம் ஆறிருச்சு போலன்னு எனக்கும் சந்தோஷம்.

"என்ன சத்தம்? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருந்தோம். அண்ணன் மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டான். இவருக்குக் கிறிஸ்துமஸ் லீவு இந்த வருஷம் கெடைக்கலைன்னு நடந்ததை எல்லாம் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும்."

"எங்கப்பா சிரிக்கலைங்க."

"ஏன்?"

"அவருக்குக் காது சரியா கேக்காதுல்ல. பாதிதான் கேட்டிருக்கு. 'மாப்பிள்ளை கிறிஸ்டியன்ங்கிறதை கல்யாணத்தப்ப ஏன் எங்கிட்ட மறைச்சீங்க'ன்னு துண்டை வாயில பொத்திக்கிட்டு அழுறாரு. இந்தாங்க, நீங்களே பேசுங்க."