வெந்தயக் கொய்யா

“விதை எங்கே?” என்று கேட்டார் உடையப்பன்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இருபத்துமூன்று பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். வலது கையில் பேனாக்கத்தி. இடது கையில் இரண்டாகப் பிளந்த கொய்யா. உள்ளே வெள்ளை வெளேரென்று சதை மட்டும்தான். பேருக்குக்கூட ஒரு விதை இல்லை.

பெண்ணைப் பெற்ற அர்ச்சுனனுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் விடிந்ததிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

“அதுதாண்ணே விசேஷம்! விதையில்லாக் கொய்யா. எங்க தவுக்கே தோட்டத்துல நானே ஒட்டு கட்டுனது. இன்னும் பசாருக்கே வரலே. நம்ம நிச்சயத் தட்டுக்குத்தான் முதல் பறிப்பு.”

அர்ச்சுனன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் துண்டை ஒரு சீன முதலாளி, அதாவது தவுக்கே, வாங்கிப் பழத்தோட்டமாக்கினார். மரங்களையெல்லாம் சாய்த்தார்கள். அர்ச்சுனன் மட்டும் அங்கேயே நின்று, பழமரங்களுக்கு ஒட்டு கட்டக் கற்றுக்கொண்டார்.

மகள் தவமணிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இதற்குமுன் இரண்டு இடம் வந்து கூடிவரவில்லை. ஒன்று ஜாதகத்தால் போயிற்று, இன்னொன்று கோழிக்குழம்பில் உப்பு கூடியதால் போயிற்று. இது மூன்றாவது. மாப்பிள்ளை பெயர் பத்துமலை. லூமுட் படகுத்துறையில் வேலை. அம்மாவைப் போல நல்ல நிறம் என்பதில் அர்ச்சுனனின் மனைவி வீரம்மாவுக்குத் தனி சந்தோஷம். எல்லாவற்றையும்விட, தவமணியே வாய் திறந்து “சரிப்பா” என்று சொன்ன முதல் மாப்பிள்ளை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றிவிட்டால் போதும்.

ஆனால் மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாய்மாமன் உடையப்பன் வைத்ததுதான் சட்டம். அவர் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி. இப்போது ஈப்போவில் வாங்குகிறவர்களின் உரிமை பேசும் பயனீட்டாளர் சங்கத்துக் கூட்டம் ஒன்றுவிடாமல் போய்வருகிறவர். டப்பாவுக்குள் இருப்பதை வெளியே எழுதி ஒட்டியாக வேண்டும் என்று போன வருஷம், எண்பத்தைந்தில், சட்டம் வந்ததிலிருந்து சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறார். இன்று வந்து உட்கார்ந்ததுமே ரோஸ் சிரப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, லேபிளைக் கடைசிவரை படித்து, “பச்சைத் தண்ணி கொடுங்க” என்றவர்.

“விதையில்லாத பழத்தை நிச்சயத் தட்டுல வச்சிருக்கீங்க, சம்பந்தி” என்றார் அவர், மெதுவாக. “வம்சம் தழைக்கணும்னுதானே தட்டுல பழம் வைக்கிறது?”

பெண்கள் பக்கமிருந்து “அதானே லா” என்று ஒரு குரல் வந்தது.

“ருசிக்காக வச்சதுண்ணே.”

“ருசி இருக்கட்டும். வைக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஒரு லேபிள் ஒட்டியிருந்தா இந்தப் பேச்சே இல்லே. வாங்குறவனுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு. இப்ப இங்க வாங்குறவங்க நாங்க.”

தெரியாமல் வைத்துவிட்டேன், எடுத்துவிடுகிறேன் என்று அங்கேயே கைகூப்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாக்கில் சனி வந்து உட்கார்ந்தால் மனிதன் என்ன செய்வான்?

“அது ஒண்ணு மட்டும் அப்படி வந்திருக்கும்ணே” என்றார் அர்ச்சுனன். “மத்ததுல எல்லாம் விதை இருக்கு.”

“அப்படியா? இன்னொண்ணு வெட்டிப் பார்ப்போம்.”

“இருங்க, இதெல்லாம் கழுவலே. கழுவிட்டு வாரேன்.”

தட்டோடு அடுப்படிக்குள் நுழைந்தவரை வீரம்மா மறித்துக்கொண்டாள்.

“விதைக்கு எங்க போவீங்க?”

அர்ச்சுனன் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். கடுகு கறுப்பு. சீரகம் ஒல்லி. வெந்தயம் மட்டும் நிறத்திலும் அளவிலும் கொய்யா விதைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்றை எடுத்து, பழத்தின் அடிப்பக்கத்தில் யாருக்கும் தெரியாதபடி குத்தி, வெந்தயத்தை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். ஒட்டு கட்டிப் பழகிய கை. வேலை சுத்தமாக இருந்தது. எட்டுப் பழத்துக்கும் சேர்த்து டப்பாவில் இருந்த வெந்தயம் தீர்ந்துபோயிற்று.

“மாரியாத்தா, இது உருப்படுமா?” என்றாள் வீரம்மா.

“தின்னவா போறாரு? வெட்டிப் பார்ப்பாரு, அவ்வளவுதான்.”

உடையப்பன் வெட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். “இருக்கு” என்றார். இருபத்துமூன்று பேரும் மூச்சு விட்டார்கள். அர்ச்சுனன் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெட்டிய பழத்தை வீணாக்குவது சங்கத்தின் கொள்கைக்கு விரோதம். உடையப்பன் அதை வாயில் போட்டு மென்றார்.

முதலில் மெல்லுவது நின்றது. பிறகு புருவம் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போயின. நாக்கிலிருந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மோந்து பார்த்தார்.

“வெந்தயம்” என்றார். “கொய்யாவுக்குள்ள வெந்தயம்.”

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். உடையப்பன் படித்தவர். அவர் விஞ்ஞானத்தைச் சந்தேகப்பட்டார்.

“போன மாசக் கூட்டத்துலதான் சொன்னாங்க. ஒரு செடியோட கருவை எடுத்து இன்னொரு செடிக்குள்ள வைக்கிறானாம் வெள்ளைக்காரன். கப்பல்ல வர இன்னும் பத்து இருபது வருஷம் ஆகும்னாங்க. இப்ப என் வாய்க்கே வந்துருச்சு. மிஸ்டர் அர்ச்சுனன், உள்ளதைச் சொல்லுங்க. இது கலந்ததுதானே?”

சம்பந்தி என்ற பட்டம் பறிபோனதை அர்ச்சுனன் கவனித்தார். திருட்டுத்தனம் செய்தவன் என்று பெயர் எடுப்பதைவிட விஞ்ஞானி என்று பெயர் எடுப்பது மேல் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது.

“ஆமாண்ணே. புது ரகம்.”

“வெந்தயமா?” என்று ஓர் உற்சாகக் குரல் எழுந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பிச்சைமுத்து. லோரி ஓட்டுகிறவர், எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி, இனிப்புநீர்க்காரர். “இனிப்புநீருக்கு அமிர்தமாச்சே! இப்படித் தள்ளுங்க தட்டை.” முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு பழத்தைத் தின்று முடித்தார். “எனக்கு மாசம் ஒரு கூடை வேணும், மச்சான்.”

“என் வீட்டுக்காரருக்கும் ஒரு கூடை எடுத்து வைங்கண்ணே” என்றது பெண்கள் பக்கம்.

“கொடுத்துடலாம், கொடுத்துடலாம்” என்றார் அர்ச்சுனன்.

“யாரும் தின்னாதீங்க!” உடையப்பன் கை தூக்கினார். “ஒரு கொய்யாவுலயே இவ்வளவு மறைச்சவங்க வடையில என்னத்தை மறைச்சிருப்பாங்க?”

வடை கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் பாதி கடித்த வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

அதை வீரம்மா பார்த்துவிட்டாள். கொய்யாவைப் பற்றி என்ன பேசினாலும் பொறுத்திருப்பாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அரைத்த மாவு அது.

“என் வடையில என்னா இருக்குன்னா கேக்குறீங்க?” என்று கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். “உளுந்து இருக்கு, மிளகு இருக்கு, இஞ்சி இருக்கு. வெந்தயம்தான் இல்லே. ஏன்னா வீட்டுல இருந்ததையெல்லாம் இந்த மனுஷன் சாத்தே குச்சியால கொய்யாவுல குத்தித் தீர்த்துட்டாரு!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய?

மூன்றாவது பழத்தில் இருந்த பிச்சைமுத்து மெல்லுவதை நிறுத்தினார். “அப்ப இது வெறும் வெந்தயமா? அது என் வீட்டுலயே இருக்கே லா.”

உடையப்பன் எழுந்து நின்றார். விஞ்ஞானம் இல்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது போலிருந்தது. அதுவும் சேர்ந்து கோபமாக வந்தது.

“விதையில்லாததை வச்சீங்க. கேட்டதுக்குப் பொய் சொன்னீங்க. அந்தப் பொய்யை என் வாயாலயே திங்க வச்சீங்க. எந்த மரம், எங்கேருந்து வந்த ஒட்டு, யாரு பெத்ததுன்னு ஒண்ணும் தெரியாத வஸ்துவை எங்க வீட்டுக்குள்ள விடச் சொல்றீங்களா, மிஸ்டர் அர்ச்சுனன்? நான் தாய்மாமன். இவன் உடம்புல ஓடுறது என் தங்கச்சி ரத்தம், என் ரத்தம். ஏழு தலைமுறைக்குப் பேரு சொல்லுவேன், ஊரு சொல்லுவேன். எங்ககிட்ட ஒளிவு மறைவு கிடையாது. எல்லாரும் எந்திரிங்க. தட்டை எடுங்க, போலாம்.”

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அறைக்குள்ளிருந்து தவமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அர்ச்சுனன் முதல் தடவை ஜாதகத்தைத் திட்டினார். இரண்டாம் தடவை உப்பைத் திட்டினார். இந்தத் தடவை திட்டுவதற்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பெற்ற மகள் ஆசைப்பட்டுச் சம்மதித்த ஒரே மாப்பிள்ளையை ஒரு பிடி வெந்தயத்தால் துரத்திவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

“அண்ணே, தப்பு என்னோடது. பிள்ளையைத் தண்டிச்சுடாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

உடையப்பன் சுவரைப் பார்த்தார். தாய்மாமன் பேசும்போது குறுக்கே பேசி வழக்கமில்லாததால் பத்துமலை அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து தட்டுகளைத் தூக்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் வெட்டிப்போட்ட விதையில்லாக் கொய்யாவின் இரண்டு துண்டையும் எடுத்துத் தின்று முடித்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை ஒன்றை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார்.

“முத்தம்மா, எந்திரின்னு சொல்றேன்ல.”

முத்தம்மா வெற்றிலையை மடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“ஏண்ணே, சப்பான்காரன் காலத்துல லகாட் ஆத்தோரம் ஈயம் அலசிக்கிட்டிருந்த சீனத்திகிட்ட ரெண்டு காத்தி அரிசியைக் கொடுத்து நம்ம அம்மா என்னை வாங்கிட்டு வந்தாங்களே, அன்னைக்கு என் முதுகுல என்ன லேபிள் ஒட்டியிருந்துச்சு?”