திங்கட்கிழமை வாங்க

நான் கணக்கெடுப்பதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோகும் என்பது முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்தில், குடியை விட வருகிறவர்களுக்கான சிறிய புனர்வாழ்வு நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. பதவியின் பெயர் 'கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர்'. (அம்மா தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரிடமும் பெரிய கங்காணி வேலை என்று சொல்லி வைத்திருந்தார். தவறென்று சொல்ல முடியாது.) அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். தராசில் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அரைச் சம்பளம். அந்தத் தராசைத் திட்டித் திட்டி வளர்ந்த நான், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அதே தராசை நிலையத்துக்குள் கொண்டுவந்தேன்.

சேர்கிறவர்களில் எத்தனை பேர் இருபத்தெட்டு நாளும் முழுதாக இருந்து போகிறார்கள் என்று மாதாமாதம் ஓர் அட்டவணை. நன்றாக இருந்தால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. சுவரில் நல்ல இடமாகப் பார்த்தேன். அங்கே ஏதோ பழைய சுவரொட்டி இருந்தது. அதன் மேலேயே ஆணி அடித்து மாட்டினேன். கொஞ்ச நாளில் எல்லா மாதமும் பச்சையாகிவிட்டது. பாதியில் ஓடிவிடுவார் போலத் தெரிகிறவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். (அறிக்கையில் இதற்குத் 'தெரிவு முறையை மேம்படுத்தல்' என்று பெயர்.)

ஒரு புதன்கிழமை என் மனைவி சாந்தி தன் அண்ணனை ராகலையிலிருந்து அழைத்து வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள். செல்வராஜ் மச்சான் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஏற்கெனவே இரண்டு தடவை சேர்ந்து, இரண்டு தடவையும் பாதியில் போனவர். வெள்ளிக்கிழமையோ எங்களுக்கு நிதி கொடுக்கிறவர்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். இவரைப் பதிந்து, மறுநாளே இவர் ஓடிவிட்டால் அந்த மாதம் சிவப்பு.

"அஞ்சு நாளைக்கு ஒரு சொட்டு தொடாம இருந்து காட்டுங்க மச்சான். திங்கட்கிழமை வாங்க, சேத்துக்கிறேன்" என்றேன்.

சாந்தி என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தாள். மச்சான் மட்டும் சரி மாப்புள என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். பெண்டாட்டி, தங்கச்சி, தோட்டத் தலைவர், பூசாரி என்று யார் சொல்லியும் கேட்காத மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பேச்சைக் கேட்டார். அது என் பேச்சாகவா இருக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை, கொழும்பிலிருந்து வந்த அம்மையாருக்குப் பச்சைக் கட்டங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். சாந்தியிடமிருந்து போன் வந்தது, துண்டித்தேன். இப்படி ஆறு தடவை. பிறகு மிஸ்ஸி (எங்கள் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம்) உள்ளே வந்தார். மச்சானுக்கு வலிப்பு வந்து, லயத்துச் சாக்கடைக் கானில் விழுந்து தாடை உடைந்துவிட்டது, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்.

அவர் நம்முடைய நோயாளியா என்று அம்மையார் என்னிடம் கேட்டார்.

"இல்லங்க மேடம். பதிவுல இல்ல" என்றேன்.

நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

மிஸ்ஸி என் அட்டவணையைக் கழற்றித் தரையில் வைத்தார். அடியிலிருந்த சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள்.

மச்சான் பிழைத்தார். வலது கையின் நடுக்கம் மட்டும் போகவே இல்லை. கவ்வாத்துக் கத்தியை அவர் மறுபடி பிடிக்கவில்லை. இதைக் கேலிப் பகிடியாக்கியதும் அவர்தான். நான் ராகலைக்குப் போய்க் கதவைத் தட்டினால், கோணிய தாடையோடு உள்ளே இருந்தபடியே "திங்கட்கிழமை வாங்க மாப்புள" என்பார். சாந்தி அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் நான் சோறு கேட்டாலும் திங்கட்கிழமைதான்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஈரல் கெட்டு மச்சான் போய்விட்டார். கட்டாரில் இருக்கும் மகன் வந்து சேர ஞாயிற்றுக்கிழமையாகும். அடக்கம் எப்போது என்று தோட்டத்து ஆட்கள் முற்றத்தில் நின்று என்னிடம் கேட்டார்கள். நான் நாளை விரல்விட்டு எண்ணினேன், ஞாயிறுக்கு மறுநாள் எது என்று உறைத்ததும் வீட்டுக்குள் போய்விட்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானின் மனைவி தலையைத் தூக்கினார். "சொல்லுங்க தம்பி. ஒங்களுக்குத் தெரிஞ்ச நாளுதானே" என்றார்.

சாந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. நான் முற்றத்துக்குப் போய், காத்திருந்தவர்களிடம் சொன்னேன்.

"திங்கட்கிழமை வாங்க."