இரண்டு சூரியக் கொடிகளும் நானும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாக வரும், ஞாபகம் முன்பின்னாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்ஜென்டினாக் காசும் உருகுவேக் காசும் எப்படி ஏறி இறங்கின என்பதை பிரெஞ்சு நாட்டில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். (அந்த இரண்டு நாடும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று மட்டும் கேட்காதீர்கள்.)

2009இல் லா சப்பலில் ஒரு காசு மாற்றும் கடையில் துப்புரவு வேலை செய்தேன். முதலாளி பாண்டிச்சேரிக்காரர். என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. அதற்கு, மாதாமாதம் தரும் சம்பளத் துண்டுச் சீட்டைக் காட்ட வேண்டும். எனக்குத் துண்டு தருகிற ஒரே இடம் அந்தக் கடை. ஆகவே அங்கே நான் வாய் திறப்பதில்லை. முதலாளி ஏதாவது கேட்டால் "ஓம்" என்பேன். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஆயுத பூசை வந்தது. "யம்மா, எல்லாத்தையும் கழுவித் தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி கோயிலுக்குப் போய்விட்டார்.

எல்லாம் என்றால் எனக்கு எல்லாமும்தான். காசு எண்ணும் மெஷின், கல்குலேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்த பிறகு சுவரில் இருந்த விலைப் பலகை கண்ணில் பட்டது. அதில் ஒவ்வொரு நாட்டுக் கொடிக்கும் பக்கத்தில், அந்த நாட்டுக் காசு நூறுக்கு எத்தனை யூரோ என்று இலக்கத் தகடுகள் செருகியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி வாளியில் போட்டுச் சவர்க்காரத்தால் தேய்த்தேன்.

மற்ற நாடுகள் ஒருமாதிரி அந்தந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வாளியின் அடியில் இரண்டு கொடிகளும் இரண்டு விலைகளும் மிஞ்சின. இரண்டு கொடியும் நீலமும் வெள்ளையும். இரண்டிலும் மூக்கும் முழியுமாக ஒரு சூரியன். ஆர்ஜென்டினாவின் சூரியன் நடுவில், உருகுவேயின் சூரியன் மூலையில். விலை ஒன்று பதினைந்து, மற்றது இரண்டரை. எது யாருக்கு?

முதலாளிக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். (போன் போட்டால் பேச வேண்டுமே.) நானே யோசித்து வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் விஜயதசமி. பூசையில் வைத்த கம்ப்யூட்டரை நல்ல நேரம் வரும்வரை தொடக்கூடாது என்று முதலாளி காத்திருந்தார். அதற்குள் வயதான ஒரு பெண் வந்து நாலாயிரம் உருகுவே பேசோவை மேசையில் வைத்தாள். விஜயதசமியின் முதல் வியாபாரம். திருப்பி அனுப்ப மனம் வருமா? முதலாளி பலகையைப் பார்த்தார், கடதாசியில் பெருக்கினார், சிரித்த முகத்தோடு அறுநூறு யூரோ எண்ணிக் கொடுத்தார். அந்தப் பெண் காசைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், விறுவிறென்று வெளியே போனாள்.

நல்ல நேரம் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு அன்றைய விலையைப் பார்த்தார். முகம் வாளித் தண்ணீர் நிறமாகிவிட்டது.

"நூறு யூரோ குடுக்க வேண்டிய எடத்துல அறுநூறு குடுத்திருக்கேன். பலகையில யாரு கை வச்சது?"

கடையில் இருந்ததே இரண்டு பேர். துப்பறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

"நான்தான் முதலாளி."

"எதப் பாத்து இப்படி வச்சீங்க?"

"நடுவிலை நிக்கிறது மத்தியானச் சூரியன். இனி இறங்கத்தானே வேணும்? மூலையிலை நிக்கிறது இப்பதான் ஏறுது. அதுதான் கூடின விலையை அதுக்கு வைச்சனான்."

(அந்தக் கடையில் நான் அதுவரை பேசிய எல்லாப் பேச்சையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது.)

"ஜோசியம் பாத்தா விலை போட்டீங்க? நாளையிலேருந்து வரவேணாம்மா."

ஆனாலும் சொன்னேன்: "அந்த அஞ்சூறையும் மாசா மாசம் என்ரை சம்பளத்திலை கழியுங்கோ. துண்டை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அதே பெண். ஐந்நூறு யூரோவை மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்தாள். முதலாளி பிரெஞ்சில் நடந்ததைச் சொல்லி என்னைக் காட்டினார். அவள் எழுந்து வந்து, கூட்டுகிற தும்புத்தடியோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். முதலாளிக்கு முன்னால்! எனக்கு வாளிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"என்ன சொல்லுறா?"

"அவங்க உருகுவேக்காரங்களாம். பக்கத்து நாடு ஆர்ஜென்டினாக் காசு எப்பவும் அவங்க காசுக்கு ஆறு மடங்காம். இன்னிக்கு ஒரு கால் மணி நேரம் அவங்க காசு மேல நின்னுச்சாம். உங்கள வேலையவிட்டு அனுப்பினா இனி இந்தக் கடைக்கு வரமாட்டாங்களாம்." பெருமூச்சு விட்டார். "இனிமே தினம் நான் இலக்கம் சொல்றேன், நீங்க செருகுங்க. சூரியனப் பாக்கக்கூடாது."

துண்டும் வந்தது, அட்டையும் வந்தது.

அதற்குப் பிறகு காலையில் முதல் வேலை பலகைதான். உருகுவேயின் இலக்கம் பெரிதாக அசையவில்லை. ஆர்ஜென்டினாவின் இலக்கம் வருடத்துக்கு வருடம் இறங்கியது. பன்னிரண்டு, பத்து, ஏழு. 2015 முடிகிற நேரம் ஒரே நாளில் தொப்பென்று விழுந்தது. 2018 கோடையில் ஒரு காலை, முதலாளி இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைச் சொன்னார்.

"பிழையாச் சொல்லுறியள், முதலாளி."

அவர் கம்ப்யூட்டரை இரண்டு தரம் பார்த்தார். "இல்லம்மா. சரிதான்."

கொஞ்ச நாளில் மூலைச் சூரியன் மேலே போய்விட்டது. அன்று முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "யம்மா, அன்னிக்கு நீங்க தப்பா வைக்கல. ஒம்போது வருஷம் முன்னாடியே வச்சுட்டீங்க."

பிறகு நடுச் சூரியன் நிற்கவேயில்லை. புள்ளிக்குப் பின்னால் பூச்சியம் போட, மற்ற நாடுகளிடம் பூச்சியத் தகடு இரவல் வாங்கினேன்.

இப்போது வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. லா கூர்னெவ் என்ற ஊரில் வாங்க வீடு பார்த்த மருமகன் கையெழுத்து வைக்கமுதல் கேட்டார்: "மாமி, இது நடுச் சூரியனோ, மூலைச் சூரியனோ?"

"முதல்லை கூரை ஒழுகுதோ எண்டு பாருங்கோ" என்றேன்.

இதில் நான் எழுதிய வருடங்களையும் விலைகளையும் விஷயம் தெரிந்த யாராவது சரிபார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் உடனே வேண்டாம், ஒரு ஒன்பது வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.