பவளத்தின் பெயரில் கிண்டிய களி

பவளம் பாகலூர் ரோட்டில் தையல் கடை போடப்போகிறாள் என்று தெரிந்ததும் முனிராஜ் ஒரு வீர முடிவு எடுத்தான். தான் அவளைத் தடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் தடுக்க வேண்டும்.

தானே தடுக்கிற தைரியம் அவனுக்குக் கல்யாணமான புதிதிலேயே போய்விட்டது. ஆனால் கடை என்றால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். காலை ஷிப்ட் முடிந்து பாக்டரியிலிருந்து வருகிறவனுக்குச் சுடச்சுட ராகிக் களி யார் கிண்டிப் போடுவது? அவன் கவலையெல்லாம் அந்த ஒரு உருண்டைதான்.

வீட்டு லேப்டாப்பில் புதிதாக ஒரு சாப்ட்வேர் போட்டிருந்தார்கள். யார் எந்த வேலையைத் தினமும் செய்கிறார்களோ, அதற்குத் தகுந்தபடி திரையை அடுக்கித் தரும். பவளம் திறந்தால் பிளவுஸ் டிசைனும் அளவுகளும் முன்னால் வந்து நிற்கும். அதைப் போட்டுத் தந்தவன் பாக்டரியில் முனிராஜோடு வேலை பார்க்கும் ஆஞ்சப்பன்.

"செய்யாத வேலையை என்ன பண்ணும்?" என்று முனிராஜ் அவனிடம் விசாரித்தான்.

"உள்ள தள்ளிடும். அப்பறம் தேடித்தான் எடுக்கணும்."

"வேற எதையாச்சும் தெறந்து வெச்சா?"

"சும்மா தெறந்து வெச்சா நம்பாது. நிறுத்தி, திருப்பிப் பாத்து, நெசமா வேலை செய்யறாப்ல இருக்கணும்."

மகள் தர்ஷினியை டியூஷனிலிருந்து கூட்டிவரப் பவளம் தினமும் சாயங்காலம் கிளம்புவாள். அவள் தெரு திரும்பியதும் முனிராஜ் லேப்டாப்பில் அவள் பெயரில் இருக்கும் கணக்கைத் திறந்து உட்கார்ந்துவிடுவான். களி கிண்டும் வீடியோ, கீரை கடையும் வீடியோ, கொள்ளு ரசம். நிறுத்தினான், திருப்பினான், மறுபடி பார்த்தான். பாக்டரியில் ஒரு வேலையை இத்தனை சிரத்தையாகச் செய்திருந்தால் எப்போதோ சூப்பர்வைசர் ஆகியிருப்பான்.

கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. டிசைன்களெல்லாம் எங்கேயோ உள்ளே போய்ப் பதுங்கின. பவளம் தேடிப் பார்த்தாள். கோபப்படவில்லை. சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"இதெல்லாம் எனக்கு ஒத்து வராது போலங்க. கை வெச்சதெல்லாம் காணாமப் போவுது. நான் எங்க கடை நடத்தப் போறேன்."

அவன் ஆசைப்பட்டது இதற்குத்தான். இருந்தும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பழகப் பழக வந்துரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். இன்றைக்கும் அவனுக்கு ஆறாத வருத்தம் அதுதான். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் போய் உட்கார்ந்தான் என்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து வீட்டுக்கார மங்கம்மா மகள் கல்யாணத்துக்கு பிளவுஸ் டிசைன் பார்க்க வந்தாள். பவளம் லேப்டாப்பைத் திறந்தாள். திரை கொட்டை எழுத்தில் வரவேற்றது: 'வணக்கம் பவளம். நேற்று மாலை, களி கட்டி விழாமல் கிண்டும் இடத்தில் நிறுத்தினீர்கள். தொடரலாமா?'

"ஏம்மா, களி கிண்ட உனக்குப் பாடமா?" என்று மங்கம்மா சிரித்தாள்.

பவளம் திரையைப் பார்த்தாள். நேற்று மாலை டியூஷன் வாசலில் அல்லவா நின்றிருந்தோம் என்று யோசித்தாள். பேப்பருக்குப் பின்னால் இருந்த புருஷனைப் பார்த்தாள். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை முழுசாக மறைத்தது.

"நான் இல்லக்கா, இவருதான். நான் கடைக்குப் போயிட்டா வீட்டை யாரு பாக்கறதுன்னு, எனக்கே தெரியாம சமையல் கத்துக்கறாரு."

"மஞ்சி மனிஷி", நல்ல மனுஷன் என்று மங்கம்மா தெலுங்கில் உருகிப்போனாள். "எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரே, வெந்நீர் வெக்கத் தெரியாது."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று முனிராஜுக்கு. இல்லை என்றால் சதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் களி கிண்ட வேண்டும். அவன் தலை தானாகவே ஆமாம் என்று ஆடியது. பொழுது சாய்வதற்குள் தெருவே அவனைப் புகழ்ந்தது. பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள்.

கடை திறந்த அன்றைக்கு முனிராஜ் அடுப்படியில் நின்றான். சாமி கும்பிட்டுவிட்டுப் பவளம் கிளம்பினாள். தன்னை நல்லவன் என்று நம்பிப் போகிறாளே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"பவளம், உன் டிசைனெல்லாம் காணாமப் போச்சே... அது வந்து, நான்தான்..."

"தெரியும்ங்க. அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் மங்கம்மாகிட்ட அப்படிச் சொன்னே?"

பவளம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நெசத்தைச் சொல்லியிருந்தா கோவிச்சுக்கிட்டுப் படுத்திருப்பீங்க. இப்ப களி கிண்டறீங்க இல்ல?"