ஆடி மாசத்துல காலி பண்ணச் சொன்ன லண்டன் வீட்டம்மாவுக்கு

லண்டன் மாநகரம் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ரேணுகாதேவி அவர்களுக்கு, தங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் எழிலரசியின் தாயார் கன்னியம்மா ஆரணியிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. லெட்டர் எழுதினால் முதலில் ரெண்டு பக்கத்து சௌக்கியத்தையும் எழுத வேண்டும் என்று அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார், அதுக்கு மேல் நான் படிக்கவில்லை. என் பக்கத்து சௌக்கியத்தை எழுத ஒன்றும் இல்லைங்க, போன ஆவணியில் என் வீட்டுக்காரர் சடையன் தவறிட்டார். தாங்களும் தங்கள் பிள்ளைகளும் அந்தக் குளிரில் மூட்டு வலி இல்லாமல் இருக்க வேண்டும். தாங்கள் யாழ்ப்பாணத்துக்காரங்க, தமிழ் நல்லாப் படிப்பீங்கன்னு எழில் சொல்லியிருக்கா, அந்த தைரியத்தில்தான் எழுதறேன். உங்கள் விலாசம் முன்னே கூரியர் போட்ட சீட்டில் இருந்தது. இந்த லெட்டர் எழுதறது அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா என்கிட்ட பேச மாட்டா.

விஷயம் ஒண்ணுதாங்க. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள ஏத்தின வாடகையைக் கொடு, இல்லைன்னா ரூமைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டீங்களாம். அந்தத் தேதி ஆடி மாசம். ஆடியில யாரையாவது காலி பண்ணச் சொல்வாங்களா. எங்க தெருவுல ஒருத்தன் ஆறு மாச வாடகை தராம டிமிக்கி குடுத்துகினு இருந்தான், வீட்டுக்காரரு தெனமும் வாசல்ல நின்னு சட்டி பானையைத் தூக்கி ரோட்டுல போடறேன்னு கத்துவாரு, அவரே ஆடி பொறந்த அன்னிக்கி வாயை மூடினவரு ஆவணி முகூர்த்தம் பாத்துட்டுத்தான் திரும்பக் கத்தினாரு. நீங்க எங்களை மாதிரி மனுசங்கதானே. அதுலயும் உங்க பேரு ரேணுகாதேவி. அது எங்க படவேட்டு அம்மன் பேருங்க. ஆடி வந்தா வேலூரு, போளூரு, களம்பூரு எல்லாப் பக்கத்து ஜனமும் வண்டி கட்டிகினு அவ வாசல்ல போய் நிக்குது. அந்தப் பேரை வெச்சிகினு நீங்க ஒரு பொண்ணை மூட்டையோட வாசலுக்கு அனுப்பலாமா. இங்க ஜவுளிக்கடைக்காரன், பாத்திரக்கடைக்காரன், செருப்புக்கடைக்காரன், எல்லாருமே ஆடி வந்தா விலையைக் கொறைச்சிட்டு மைக் கட்டிக் கூப்பிடறான். லண்டன்ல மட்டும் ஆடிக்கு ஏத்தறீங்க.

எனக்கு லண்டன் தெரியாது, ஆனா லண்டன் விலை எல்லாம் தெரியும். எம் பொண்ணு ஹோம்ல வயசானவங்களைக் குளிப்பாட்டி, தூக்கி உக்கார வெச்சி, ராத்திரி பகல் பாக்காம சம்பாரிக்கறா. அதுல உங்க ரூமுக்குக் குடுத்தது போக மீதியில கரெண்டு, சூடு மெஷினு, பஸ்ஸு. ரயிலு இருக்குதாம், ஜல்தியா கொண்டுபோய் விடுமாம், ஆனா அது பணக்காரங்க போறதுன்னு பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் தூங்கிகினு போறா. சூடு மெஷினைப் போட மாட்டா, ரெண்டு ஸ்வெட்டரும் அவங்கப்பா மப்ளரும் போட்டுகினு வீட்டுக்குள்ளயே திருவிழாக் கூட்டத்துல காணாமப் போனவ மாதிரி நிப்பா, வீடியோவுல பாத்துட்டு நான் பயந்துட்டேன். சாயங்காலம் கடை மூடப் போற நேரத்துல ரொட்டி மேல மஞ்சள் சீட்டு ஒட்டுவாங்களாம், அது பாதி விலை, அதுக்கு வெள்ளைக்காரங்களே முண்டியடிச்சிகினு நிப்பாங்களாம். கருவேப்பிலை ஒரு சின்னக் கொத்து இன்னா விலைன்னு அவ சொன்னதை எதிர்வீட்டு கண்ணகிகிட்ட சொல்லிட்டேன், அதுலயிருந்து அவ எங்க வாசல் மரத்தை நிமுந்து பாத்துட்டு, "ஏங்க்கா, இது மேல பூட்டு போட்டு வையி, லண்டன்காரன் வந்து ஒடைச்சிகினு போயிடப் போறான்" னு தெனமும் பேஜார் பண்றா. நான் ரேஷன் கடையில நின்னா அதுக்கும் ஒண்ணு சொல்லுவா. "பொண்ணு லண்டன்ல சம்பாரிக்குது, நீ இங்க பருப்புக்கு நிக்கறியே" ன்னா. "அவ லண்டன்ல சம்பாரிச்சி லண்டனுக்கே குடுத்துட்டு வராடி" ன்னு சொன்னேன். அப்புறம் அவளும் பையை எடுத்துகினு வந்து என் பின்னால நின்னா.

செலவைக் கொறைக்கறேன்னு நான்தான் ஒரு வேலை பண்ணேன். களம்பூரு அரிசி ஒரு மூட்டை அனுப்பலாம்னு கூரியர் கடைக்குப் போனா, அந்தத் தம்பி தராசையும் பாத்து என் மூஞ்சியையும் பாத்து, "எம்மா, இந்த அரிசிக்கு நீங்களே டிக்கெட் எடுத்துகினு போயி ஆக்கிப் போட்டுட்டு வந்துடலாம்" னு சொன்னான். கனம் இல்லாததா அனுப்பலாம்னு நெத்திலிக் கருவாடும் வெங்காய வடகமும் கட்டினேன். இன்னா இருக்குதுன்னு கேட்டான், துணின்னு சொன்னேன். பொய் இல்லைங்க, பழைய சேலையிலதான் சுத்தியிருந்தேன். அது எப்படியோ வந்து சேந்துச்சி. எழில் அதைப் பாத்து அழுதுட்டு அப்பவே வறுத்துட்டா. உங்க வீட்டு மேல்கூரையில புகை வந்தா கத்தற ஒரு வட்ட மெஷினு இருக்குதாமே, அது கத்தினதுல பக்கத்து ரூம்ல குளிச்சிகினு இருந்த போலந்து நாட்டுக்காரரு சோப்பு நுரையோட துண்டைக் கட்டிகினு தெருவுல ஓடியாந்து நின்னாராம், நெருப்பு வண்டி வந்திச்சாம், தொப்பி போட்ட நாலு பேரு ஏறி வந்து சட்டியில எட்டிப் பாத்தாங்களாம். ஒருத்தரு ஒண்ணு எடுத்துத் தின்னாருன்னு எழில் சொல்றா, நான் நம்பல. அடுத்த வாரமே வாடகை ஏத்தறேன்னு உங்க சீட்டு வந்துச்சி. எழில் கேட்டதுக்கு, "பிள்ளை, எனக்கும் பேங்க்காரன் விடுறானில்லை, நான் என்ன செய்யிறது" ன்னு சொன்னீங்களாம். பேங்க் வட்டிக்கு ஏத்தறீங்களோ கருவாட்டுக்கு ஏத்தறீங்களோ, எனக்குத் தெரியாது. கருவாட்டுக்குன்னா அந்தப் பாவம் என்னுது, அவ மேல போடாதீங்க.

இப்ப எதுக்கு இவ்ளோ எழுதறேன்னா, வர்ற ஆவணியில அவருக்கு முதல் வருசத் தெவசம். அவரு களம்பூரு மில்லுல மூட்டை தூக்கினவரு. பொண்ணு லண்டன் போன நாள்லயிருந்து டீக்கடைப் பேப்பர்ல பவுண்டு விலை பாக்காம மில்லுக்குப் போக மாட்டாரு. ஏறினா சந்தோசமா வந்து சொல்லுவாரு, ஏறினா நம்ம பொண்ணுக்கு நல்லதா கெட்டதான்னு கேட்டா அது தெரியாது, ஏறியிருக்குதுன்னு மட்டும் சொல்லுவாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எழுந்திரிக்கல. அன்னிக்கி டிக்கெட்டு ஒரு மாசச் சம்பளம், கையில அவ்ளோ இல்ல, அவளால வர முடியல. என் கொழுந்தனாரு மகன் அஜித்குமார்தான் போனைப் புடிச்சிகினு காட்டினான். கை வலிக்குதுன்னு மாத்திப் புடிச்சான் போல, யாரும் கவனிக்கல, எம் பொண்ணு அவங்கப்பா மொகம்னு நெனைச்சிகினு கடைசி வரைக்கும் பந்தல் துணியைப் பாத்து அழுதுட்டா. அதை அவ என்கிட்ட சொன்னது நாலு மாசம் கழிச்சி.

அதனால இந்தத் தெவசத்துக்கு அவதான் உக்காரணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். என் கொழுந்தனாரு வந்து, "அண்ணி, பொண்ணு எதுக்கு அவ்ளோ செலவு பண்ணிகினு, அஜித்து உக்காந்து முடிச்சிடுவான்" னு சொன்னாரு. உங்க அண்ணன் பெத்தது ஒண்ணுதான், அது பொண்ணு, அது உக்காரும்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு வருசமா பஸ்ஸுல போயி, சூடு மெஷினு போடாம, அவ டிக்கெட்டுக்குச் சேத்து வெச்சிருக்கா. இப்ப உங்க ரூமை விட்டா புது ரூமுக்கு அட்வான்ஸு, முன்வாடகை, சாமான் ஏத்தற வண்டி, எல்லாம் சேந்து அந்தப் பணம் போயிடும். ஏத்தின வாடகையைக் குடுத்துகினு அங்கயே இருந்தாலும் போயிடும். நான் தார் சுத்தி சம்பாரிக்கறது, பட்டு நூலைத் தார்க்குச்சியில சுத்திக் குடுக்கற கூலிங்க அது, உங்க ஊரு பஸ்ஸுக்குக் கூட ஆகாது. அதனால ஆவணி முடியற வரைக்கும் பழைய வாடகைக்கே இருக்கட்டும். அப்புறம் ஏத்திக்குங்க, எவ்ளோ வேணா ஏத்திக்குங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இதுக்கு நீங்க ஒத்துக்கணும். ஒத்துகிட்டீங்கன்னா இந்த ஆடி வெள்ளி படவேட்டுல உங்க பேரு சொல்லி ஒரு குண்டான் கூழு ஊத்தறேன். ஒத்துக்கலைன்னாலும் ஊத்தறேன், அப்ப வேற மாதிரி சொல்லி ஊத்துவேன்.

தங்கள் வீட்டில் உள்ள பெரியவங்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவங்களுக்கு என் ஆசியையும், அந்த போலந்துக்காரருக்கு என் மன்னிப்பையும் சொல்லவும். அம்மன் உங்க கதவைத் தட்டினா கூழு கேக்கத்தான் தட்டணும், வேற எதுக்கும் தட்டக் கூடாது.

இப்படிக்கு,
கன்னியம்மா
காலஞ்சென்ற சடையன் சம்சாரம்
ஆரணி

பின்குறிப்பு: கவரை ஒட்டிட்டுத் திரும்பப் பிரிச்சி எழுதறேன். இப்பத்தான் எழில் போன் பண்ணா. பின்னால வேற பொம்பளைங்க கொரலு கேட்டுது. எங்கடி இருக்கன்னு கேட்டேன். "புது ரூம்லம்மா, போன வாரமே வந்துட்டேன்" னு சொல்றா. ஆடியிலயா போனன்னு கேட்டா, "எம்மா, இங்க அடிக்கற காத்துக்கு வருசம் பூரா ஆடிதான்" னு சிரிக்கறா. ரெண்டு மலையாளப் பொண்ணுங்களோட ஒரே ரூம்ல மூணு கட்டில், வாடகையை மூணாப் பிரிச்சிக்கறாங்களாம், துணியெல்லாம் குப்பைக் கவர்ல கட்டி பஸ்ஸுலயே கொண்டுபோயிட்டாளாம், புது ரூமுக்கு சேத்து வெச்சது கரைஞ்சிடுச்சாம். அப்ப டிக்கெட்டுன்னேன். போட்டாச்சின்னா. எப்படிடின்னா, அந்த ரெண்டு பேருல ஒருத்தி தன் கார்டுல போட்டுக் குடுத்திருக்குது. நீங்க அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்ததும் அவளுக்குக் கட்டிடறேன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா. நீங்க பாத்துத் தரேன்னு சொன்னீங்களாம். நானும் பட்டு முதலாளிங்ககிட்ட கூலி வாங்கினவதாங்க, பாத்துத் தரேன்னா எத்தினி மாசம்னு எனக்குத் தெரியும்.

அதனால மேலே எழுதினது எதுவும் வேணாம், கிழிச்சிடுங்க. ஆடியில காலி பண்ணது தப்பே இல்ல, நல்லதுதான். பழைய வாடகை, புது வாடகை, ஒண்ணும் பேச வேணாம். அட்வான்ஸை மட்டும் அவ பிளேன் ஏறதுக்கு முன்னால கையில குடுத்துடுங்க. அந்த மலையாளப் பொண்ணு என் வீட்டுக்காரரைப் பாத்ததில்ல, எங்க ஊரு பேரு கூட அதுக்கு வாயில வராது, அவரு தெவசத்துக்குக் கார்டை எடுத்துத் தேய்ச்சிருக்குது. அதை நீங்களும் நானும் சேந்து ஏமாத்தக் கூடாதுங்க.