மாமனாரின் நைஸ் ரகம்

விதைகளைக் காணவில்லை. மாப்பிள்ளை இப்போதுதான் தூவினார், நாற்றுத் தட்டில் இருந்த பீட் மாஸ் என்ற மக்கிய பாசித் தூளின் இடுக்குகளில் இறங்கி எங்கோ போய்விட்டன.

"எந்த ரகம் வாங்கினீங்க?" என்று மனைவி பால்கனிக் கதவில் நின்று கேட்டாள்.

"பீட் மாஸ்தான். அதுல என்ன ரகம்?"

"தூசு மாதிரி விதைக்கு நைஸ் ரகம், பெரிய தொட்டிக்குத்தான் முரட்டு ரகம்னு அப்பா எத்தனை தடவை சொன்னாரு. நீங்கதான் 'மண்ணுல என்ன மாமா இருக்கு, நான் பார்த்துக்கறேன்'னு பெருசா பேசினீங்க."

பேசியது உண்மை. கண் ஆபரேஷன் முடிந்து பெரிய மகள் வீட்டில் ஓய்வெடுக்கும் மாமனார், பெட்டூனியாப் பூ விதையை இவரிடம் கொடுத்ததே அந்தப் பேச்சை நம்பித்தான். வருஷா வருஷம் அவர் தரும் நாற்றுக்கு மொத்தக் குடியிருப்பும் காத்திருக்கும். கைராசிக்காரர் என்று பெயர். மாப்பிள்ளைக்கோ கள்ளிச்செடியையே சாகடித்தவர் என்று பெயர். இதிலும் கோட்டை விட்டால் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

கொஞ்சம் விதை மிச்சம் இருந்தது. முரட்டு ரகத்தை மாவு சல்லடையில் போட்டுச் சலித்தார். சமையலறை முழுக்கப் பழுப்புத் தூள்.

"இனிமே இதுல சலிக்கிற மாவை நீங்களே சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

சலித்ததில் விதையைத் தூவித் தண்ணீர் ஊற்றினார். காய்ந்த பீட் மாஸ் தண்ணீரை உள்ளே விடாது, முதலிலேயே பிசைந்து ஊறவைக்க வேண்டும். அதையும் மாமனார் சொல்லித்தான் இருந்தார். தூள் மிதந்தது, தட்டு வழிந்தது, மிச்ச விதையும் பால்கனி ஓட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தது.

மாமனார் வருவதற்கு முந்தின நாள் நர்சரிக்குப் போனார். "பெட்டூனியா நாத்து முளைச்சதாவே கிடைக்குமா?" என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார். நர்சரிக்காரம்மா ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் தட்டருகே குனிந்து, மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அச்சு அசல் என் நைஸ் ரகம்" என்றார் கடைசியில். "மாப்பிள்ளை, இனிமே நீங்கதான் கைராசிக்காரர்."

எல்லாரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளைக்கு அவமானத்தில் காது சுட்டது. கள்ளிச்செடிப் பெயரே தேவலை என்று தோன்றியது.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும். இந்த நாத்து..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று மாமனார் அவசரமாக வெட்டினார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் நர்சரிக்காரம்மா, கையில் இன்னொரு தட்டோடு.

"கோவிச்சுக்காதீங்க சார். வருஷா வருஷம் உங்களுக்குன்னு எடுத்து வைக்கிற தட்டை, நீங்க வரலையேன்னு நேத்து இவருக்குக் கொடுத்துட்டேன்."